பதினாலாம் நம்பர் செடி

1

ஆக்லாந்தில் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று போடிநாயக்கனூரில் இருக்கும் என் சொந்தக்காரர்கள் யாருக்கும் முழுசாகத் தெரியாது. "மருந்துக் கம்பெனியில் லேப்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய் இல்லை. மருந்துதான், கம்பெனிதான், லேப்தான். அந்த மருந்து எந்தச் செடியிலிருந்து வருகிறது என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கஞ்சா. எழுதிவிட்டேன். என் தங்கை விஜயா இதைப் படித்தால், எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்துதான் மேற்கொண்டு படிப்பாள்.

எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் மரியாதை அப்படி. குமுளியிலிருந்து இறங்கும் பஸ்ஸில் செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் ஏறி சீட்டுக்கு அடியில் குனிந்து பார்ப்பார். பார்க்கும்போது பையில் ஏலக்காய் மட்டுமே வைத்திருப்பவனுக்கும் வியர்க்கும். ஒரு வீட்டைப் பற்றி அந்தப் பேச்சு அடிபட்டால் அங்கே பெண் கொடுக்க யோசிப்பார்கள். இங்கே டாக்டர் சீட்டு எழுதித் தருகிறார், மருந்துக்கடையில் சின்ன பாட்டிலில் எண்ணெயாக வாங்கிக்கொண்டு போகிறார்கள். கோயிலில் பார்க்கும் மலேசியக்கார அம்மா ஒருவர், அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நிற்கும்போதே, "உங்க கம்பெனி எண்ணெய் முட்டி வலிக்கு நல்லதாமே?" என்று என் காதில் கேட்டார். என் மகள் நித்யாவோ அவளுடைய சிநேகிதர்களிடம் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். எனக்குத்தான் இரண்டு பக்கமும் நெளிய வேண்டியிருக்கிறது.

இத்தனை வருடம் மறைத்ததை இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன வாரம் எங்கள் கம்பெனியில் ஒரு செடியை அழித்தோம். அதைப் பற்றிப் பேச எனக்கு இந்த ஊரில் ஆள் இல்லை. என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன். அவர் போய் நாலு வருடம் ஆகிறது.

2

ஆக்லாந்துக்கு மேற்கே மாசி என்கிற பேட்டையில் வீடு. மழை பெய்யாத நாளில் ஆல்பனி பக்கம் சீக்கிரமே போய்விடலாம். மழை பெய்யாத நாள் என்று இங்கே ஒன்று உண்டா என்பது வேறு விஷயம். ஆல்பனியைத் தாண்டி, குதிரை மேய்கிற வேலிகளுக்கு அப்பால் எங்கள் கட்டடம். வெளியிலிருந்து பார்த்தால் கோழிப்பண்ணை என்றுதான் யாரும் நினைப்பார்கள். உள்ளே போக இரண்டு கதவு, நாலு கேமரா. வீட்டுத் துணியைக் கழற்றி வைத்துவிட்டு அவர்கள் கொடுக்கும் உடுப்பு, தலைக்கு வலைத்தொப்பி. இரவு பகல் என்பதை அங்கே விளக்குகள்தான் முடிவு செய்கின்றன.

ஒவ்வொரு செடிக்கும் ஒரு நம்பர் சீட்டு தொங்கும். ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போனால் பதிவு, கிளை வெட்டினால் பதிவு, வெட்டியதைக் குப்பையில் போட்டாலும் எடை போட்டுப் பதிவு. ஒரு இலை இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது. நான் வந்த புதிதில் என் பாஸ்போர்ட்டை இப்படித்தான் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள், அதனால் செடிகள்மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு பாசம் உண்டு.

பதினாலாம் நம்பர் செடியின் கதை வேறு. வடக்கே, நார்த்லாண்டில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் இருந்தார். வாலிபத்தில் இந்தியாவைச் சுற்றியபோது இடுக்கி மலையிலிருந்து ஒரு கை விதை கொண்டுவந்தவர். எப்படிக் கொண்டுவந்தார் என்று யாரும் கேட்கவில்லை, அந்தக் காலத்தில் தாடி வைத்தவர்களின் பைகளுக்குள் என்னென்னவோ கடல் தாண்டியது. காட்டுக்குள் ஒளித்து ஒளித்து வளர்த்து, விதை எடுத்து, குளிர்பெட்டியில் வைத்து, திரும்ப விதைத்து, அப்படியே வாழ்நாளைக் கழித்திருக்கிறார். மருந்துக்கான சட்டம் வந்தபோது, லைசென்ஸ் வாங்கிய கம்பெனிகள் பழைய உள்ளூர் விதைகளை அறிவித்துச் சேர்த்துக்கொள்ள ஒரு வழி விட்டார்கள். அந்த வழியாக அவருடைய விதைகள் எங்களிடம் வந்தன. அவர் அதற்குள் இறந்துவிட்டார். விதைகளும் கிழடு தட்டியிருந்தன. முளைத்தது ஒன்றே ஒன்று.

இடுக்கி மலை எங்கே இருக்கிறது? போடியிலிருந்து மேற்கே நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற மலைக்கு மறுபக்கம். போடிமெட்டு ஏறி இறங்கினால் இடுக்கி ஜில்லா. ஆக, என் ஊருக்கு அடுத்த வீட்டுக்காரி ஒருத்தி எனக்கு முன்னாலேயே நியூசிலாந்து வந்து, ஒளிந்து குடியிருந்து, சட்டப்படி குடியுரிமையும் வாங்கிவிட்டாள். அதே மாதத்தில் என் தங்கை விஜயாவுக்குச் சுற்றுலா விசா மறுத்தார்கள். திரும்பிப் போவாள் என்று நம்பக் காரணம் போதவில்லையாம்.

"என்னையப் பாத்தா அங்கேயே டேரா போடுற மூஞ்சியாக்கா தெரியுது?" என்று போனில் கேட்டாள் விஜயா. "அஞ்சு பசுவ யார்ட்ட விட்டுட்டு நான் அங்க வந்து உக்காரப் போறேன்?"

"பசுவப் பத்தி எழுதினியாடி?"

"எழுதலியே."

"அதான்," என்றேன். செடியைப் பற்றி அப்போதும் சொல்லவில்லை.

3

போடியில் எனக்கு ஏலக்காய் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் வேலை. காயிலிருந்து எண்ணெய் வடித்து அளப்பது, தரம் சொல்வது. கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் அதுதான். அதனால்தான் இங்கே இந்த வேலை கிடைத்தது. செடிகளின் வாசனைப் பொருள்களைக் கருவியில் ஓட்டி, எது எவ்வளவு என்று சொல்கிறேன். கருவி ஒரு தாளில் மலைமலையாகக் கோடு போடும். மாங்காயில் இருக்கும் மிர்சீன் இந்தச் செடியிலும் இருக்கிறது. எலுமிச்சைத் தோலின் லிமோனீன், மிளகின் கேரியோஃபிலின், துளசிக் குடும்பத்தின் ஓசிமீன் எல்லாம் இருக்கின்றன. உலகத்தில் எந்தக் கஞ்சாச் செடியை எடுத்தாலும் கூடக்குறைய இவைதான். ஒரு ஊருக்கென்று தனியாக ஒரு ரசாயனம் கிடையாது. எது எவ்வளவு, எதற்குப் பக்கத்தில் எது என்பதில்தான் ஊர் இருக்கிறது. ஏலக்காயிலும் அப்படியேதான், இதை விளக்கினால் எனக்கு நேரம் போவதே தெரியாது, விட்டுவிடுகிறேன்.

பதினாலின் பூவை முதன்முதலில் காயவைத்து லேபுக்குக் கொண்டுவந்தது குகன். யாழ்ப்பாணத்துக்காரர், செடிகளைக் கவனிக்கும் பிரிவில் இருக்கிறார், என்னைவிடப் பத்து வயது இளையவர். மேசையின் அந்தக் கோடியில் நின்று அவர் ஜாடியின் மூடியைத் திறந்தார். நான் இந்தக் கோடியில் கையுறை மாட்டிக்கொண்டிருந்தேன்.

வந்தது. மாங்காயின் காம்பைக் கிள்ளினால் வடியும் பாலின் காரம். அதன் பின்னாலேயே திருநீற்றுப்பச்சை. அதற்கும் பின்னால், ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரின் கதவைத் திறந்தவுடன் முகத்தில் அறையும் அந்தப் பச்சை வெக்கை. மூன்றும் ஒன்றாக, ஒரே மூச்சில். கையுறையைப் பாதியில் விட்டேன். பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"என்னக்கா, சுகமில்லையோ?" என்றார் குகன்.

"தம்பி, அது எந்தச் செடி?"

"பதினாலு. ஏன்?"

"வாசனை வருதா உங்களுக்கு?"

அவர் ஜாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எனக்கு ஒண்டும் தெரியேல்லை அக்கா. நாள் முழுக்க அந்த அறையளுக்குள்ள நிண்டு நிண்டு மூக்குச் செத்துப்போச்சு. மனுசி கறியை அடிப்பிடிக்க விட்டாலும் எனக்குத் தெரியாது."

அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. ஊர் ஞாபகம் வந்து அழுதேன் என்று நினைத்துவிடாதீர்கள், போடியில் எனக்கு அப்படி ஒன்றும் சொர்க்கம் வைத்திருக்கவில்லை. அந்த வாசனை வந்தபோது, "ஏங்க, உங்களுக்கு வருதா?" என்று திரும்பிக் கேட்கத் தோன்றியது. திரும்பினால் ஃப்ரிட்ஜ் நின்றது. தனியாக இருப்பது எனக்குப் பழகிவிட்டது. சமைக்கிறேன், கார் ஓட்டுகிறேன், வரி கட்டுகிறேன். ஆனால் ஒரு வாசனையைத் தனியாக முகர்வது, அது நிஜமா பொய்யா என்று சொல்ல இன்னொரு ஆள் இல்லாமல் முகர்வது, அதற்கு மட்டும் நான் தயாராக இல்லை.

4

செடிக்கு ஆபத்து வந்தது அதன் உயரத்தாலும் சோம்பலாலும். மலைநாட்டு ரகம், குட்டைச் செடிகளுக்குக் கட்டிய அறையில் விளக்கை முட்டிக்கொண்டு நிற்கும். மற்றவை பூத்துக் காய்ந்து ஜாடிக்குப் போன பிறகும் இது மொட்டு விட்டுக்கொண்டே இருக்கும். எங்கள் மேலாளர் க்ரெய்க் நல்ல மனிதர். சத்தம் போட மாட்டார், யாரையும் பெயர் சொல்லாமல் கூப்பிட மாட்டார். ஒரு திங்கட்கிழமை எங்களை உட்காரவைத்து நிலைமையைச் சொன்னார்.

உலகம் முழுக்க எல்லாரும் எல்லாவற்றோடும் கலப்பு செய்து, இப்போது எந்த நாட்டுச் செடியை முகர்ந்தாலும் எலுமிச்சையும் பெட்ரோலுமாக ஒரே வாசனை அடிக்கிறது. பழைய ஊர் ரகத்துக்கு அதனால்தான் மதிப்பு. பதினாலுக்கு வேறெங்கும் இல்லாத ஒரு வாசனை இருந்தால் அதை வைத்துக்கொண்டு குட்டை ரகத்தோடு கலப்பு செய்யலாம். இல்லையென்றால் அந்த இடம் வேறு செடிக்கு வேண்டும். தாய்ச் செடியையும் அதிலிருந்து வெட்டி நட்ட கன்றுகளையும் எடுத்துவிட வேண்டியதுதான்.

முடிவு சொல்லப்போவது வாசனைக் குழு. எட்டுப் பேர். லேபில் இருப்பதால் நானும் அதில் ஒருத்தி. மறைப்பு வைத்த சின்னச் சின்னக் கூண்டுகளில் ஆளுக்கொருவராக உட்கார வேண்டும், நம்பர் தெரியாத ஜாடிகள் வரும், ஒவ்வொன்றையும் முகர்ந்து என்ன வாசனை, எவ்வளவு தனித்தன்மை என்று பத்துக்கு மார்க் போட வேண்டும். பக்கத்துக் கூண்டில் யார் என்ன செய்கிறார் என்று தெரியாது.

எனக்குத் தெரிந்துவிட்டது எது பதினாலு என்று. ஒன்பது போட்டேன். வாசனைக்குப் பெயர் எழுதுகிற இடத்தில் திண்டாடினேன். மாங்காய்ப் பாலுக்கு இங்கிலீஷில் என்ன? 'மேங்கோ மில்க்' என்று எழுதிவைத்தேன். முடிவுகளைப் படித்தபோது ஒரு பெண், இனிப்பான மில்க்‌ஷேக் வாசனை எனக்கு எங்கே வந்தது என்று ஆச்சரியப்பட்டாள். மற்ற ஏழு பேரும் அந்த ஜாடிக்குப் போட்டிருந்தது இரண்டும் மூன்றும். மண்ணெண்ணெய், ரப்பர், மிளகு என்று எழுதியிருந்தார்கள்.

ஒரே ஒருவர் இவ்வளவு விலகிப் போனால் அந்த மார்க்கைத் தள்ளிவிடுவார்கள், அதுதான் முறை. க்ரெய்க் தள்ளவில்லை. அடுத்த வாரம் எல்லாருக்கும் ஒருமுறை திரும்ப வைக்கலாம் என்றார். எனக்காகத்தான் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும்.

5

அந்த ஞாயிற்றுக்கிழமை நித்யா வந்தாள். மவுண்ட் ஆல்பர்ட்டில் சிநேகிதிகளோடு ஒரு பழைய மர வீட்டில் வாடகைக்கு இருக்கிறாள். மாசியிலிருந்து அவளுடைய ஆபீஸ் தூரமாம். முதலில் வாரம் தவறாமல் வந்தாள், பிறகு ஒன்று விட்டு ஒன்று, இப்போது முந்தின நாள் ஒரு மெசேஜ் வந்தால்தான் நிச்சயம். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். எங்கள் பேச்சு அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது, இருவருக்கும் புரிகிறது, சண்டைகூடப் போட முடிகிறது.

அவளிடமாவது அந்த வாசனையைக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. செடியைக் கொண்டுவர முடியாது. இந்தியக் கடையில் காம்போடு மாங்காய் தேடினேன், காம்பு ஒட்ட நறுக்கியதுதான் கிடைத்தது. திருநீற்றுப்பச்சை விதையை விஜயா ஒரு முறை சாம்பார்பொடிப் பார்சலுக்குள் வைத்து அனுப்பி, அதை எடுத்து அழித்துவிட்டோம் என்று அதிகாரிகள் எனக்குத் தாள் அனுப்பியதிலிருந்து அந்த ஆசையை விட்டுவிட்டேன். சூப்பர்மார்க்கெட்டில் விற்கும் தொட்டி பேசில் செடிதான் அதற்குப் பதில். அலமாரியில் இருந்த ஏலக்காயை இடித்தேன். எல்லாவற்றையும் ஒரு தட்டில் கசக்கி வைத்து, தோசைக்கல்லை லேசாகச் சூடாக்கி அதன்மேல் தட்டை வைத்தேன்.

"நித்யா, அங்கேயே நில்லு. கிட்ட வராத. வாசனை வருதா பாரு."

அவள் போனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "மம், வாட் இஸ் திஸ்?"

"நீ சொல்லு. என்ன வருது?"

மூக்கை உறிஞ்சினாள். யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், அதைச் சொல்லியாக வேண்டும். "சாலட்?"

நான் அடுப்பை அணைத்தேன். பக்கத்தில் வந்து என் தோளில் கை போட்டு, "இட்ஸ் நைஸ், மம். குட் சாலட்," என்றாள். நானும் சிரித்துவிட்டேன். அவள் மேல் என்ன தப்பு? ஆறு வயதில் இங்கே வந்த பிள்ளை. மாங்காயும் பேசிலும் ஏலக்காயும் தட்டில் இருந்தன, எது எவ்வளவு என்பது என் கையில் இல்லை. சாப்பிட்டுவிட்டு, டப்பாவில் குழம்பு எடுத்துக்கொண்டு போனாள். கார் தெரு திரும்பும் வரைக்கும் வாசலில் நின்றேன். பிறகு உள்ளே வந்து அந்தத் தட்டைக் கழுவினேன்.

6

இரண்டாவது முறை கூண்டில் உட்கார்ந்தபோது க்ரெய்க் எங்கள் பின்னால் மெல்ல நடந்துகொண்டிருந்தார். எனக்குப் பின்னால் வந்ததும் நின்றார்.

"மல்லிகா, நீங்கள் எப்போதும் இப்படித்தான் முகர்வீர்களா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

எப்படி என்று எனக்குப் புரியவில்லை. என் கையைக் காட்டினார். ஜாடியை நான் நீட்டிய கையில், மூஞ்சிக்கு எட்டாத தூரத்தில் பிடித்திருந்தேன். இன்னொரு கையால் காற்றை என் பக்கம் வாங்கிக்கொண்டிருந்தேன். அடுத்த கூண்டை எட்டிப் பார்க்கச் சொன்னார். அங்கே இருந்த பையன் ஜாடிக்குள் மூக்கையே நுழைத்திருந்தான்.

எங்கள் வீட்டில் பூ வாங்கினால் சாமிக்குப் போகும் வரை முகரக் கூடாது. தெரியாமல் முகர்ந்துவிட்டால் அந்தப் பூ சாமிக்கு ஆகாது, ஓரமாக எடுத்து வைத்துவிடுவார்கள். மல்லிகைப் பந்தை வாங்கிக்கொண்டு கடைத்தெருவிலிருந்து வீடு வரை கையை விலக்கிப் பிடித்து நடந்து வருவோம், வாசனை தானாக வந்தால் வரட்டும், நாம் போய் எடுக்கக் கூடாது. அம்மா ஒருமுறை என் புறங்கையில் அடித்ததுகூட ஞாபகம் இருக்கிறது. பிறகு காலேஜில் கெமிஸ்ட்ரி வாத்தியாரும் கையால் வீசித்தான் முகர வேண்டும் என்றார், அவர் சொன்னது விஷத்துக்காக. இரண்டும் சேர்ந்து எனக்கு ஒரே பழக்கமாகிவிட்டது. ஜாடியில் இருப்பதும் பூதானே! ஒரு கஞ்சாப் பூவை அம்பாளுக்கு எடுத்துவைக்கிற மாதிரி இத்தனை வருடமும் விலக்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

க்ரெய்க்கிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அழகான பழக்கம் என்றார். பிறகு, இலேசான வாசனைகள் தூரத்துக்கு முதலில் ஓடி வரும், கனமானவை கிட்டத்தில்தான் கிடைக்கும், அதனால்தான் உங்கள் மார்க் மட்டும் வேறாக இருக்கிறது என்றார். அது எனக்கும் தெரிந்த பாடம்தான்.

"எல்லாரும் ஒருமுறை தூரத்தில் வைத்துப் பார்த்தால் என்ன?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது.

"இதுவரைக்கும் எல்லாச் செடியையும் கிட்டத்தில் வைத்துத்தான் பார்த்திருக்கிறோம். எத்தனையோ செடிகளை அப்படித் தள்ளியும் இருக்கிறோம். இதற்கு மட்டும் மாற்றினால் நியாயமா?" என்றார். நியாயம் இல்லைதான். ஏலக்காய்க் கம்பெனியில் யாராவது ஒரு மூட்டைக்கு மட்டும் வேறு தராசு கேட்டிருந்தால் நானே துரத்தியிருப்பேன்.

ஜாடியை மூக்கருகில் கொண்டுபோனேன். கழுத்து முன்னால் போக மாட்டேன் என்றது. கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தேன்.

மண்ணெண்ணெய். ரப்பர். மிளகு. அவ்வளவுதான்.

இன்னொரு முறை முகர்ந்தேன். மாங்காய் இல்லை, திருநீற்றுப்பச்சை இல்லை. ஜாடியை நீட்டிப் பிடித்தேன், மூன்றும் திரும்ப வந்தன. கிட்டே கொண்டுவந்தேன், போய்விட்டன. எத்தனை தரம் அப்படிச் செய்தேனோ, க்ரெய்க் மெதுவாக அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டார்.

பழைய ஒன்பதையே போட்டிருக்கலாம். யார் வந்து என் மூக்குக்குள் பார்க்கப் போகிறார்கள்? என் ஒன்பது நிலைத்தால் க்ரெய்க் ஒரு வருடமாவது தள்ளிப்போட்டிருப்பார், அவர் அதற்கு ஒரு சாக்கைத்தான் தேடிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். ஆனால் வராத வாசனையை வந்ததாக எழுதி எனக்குப் பழக்கமில்லை. வந்ததை வந்தபடி எழுதித்தான் இத்தனை வருடம் பிழைத்திருக்கிறேன். மூன்று என்று எழுதினேன். அந்தச் செடிக்காகப் பேச இந்த ஊரில் இருந்தது ஒருத்திதான், அவளும் மூன்று என்று எழுதிவிட்டாள்.

7

செடியை அழிப்பதற்கும் சட்டம் உண்டு. எண்ணி, எடை போட்டு, இரண்டு சாட்சிகள் முன்னால் அரைத்து, யாரும் திரும்ப எடுக்க முடியாதபடி உணவுக் கழிவோடு கலந்துவிட வேண்டும். சாட்சிகளில் ஒருத்தி நான். வர மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அந்தச் செடியும் தனியாகப் போக வேண்டாம் என்று போனேன்.

பின்பக்கக் கூடத்தில் அரைக்கும் இயந்திரம். குகன் கன்றுகளை முதலில் கொண்டுவந்தார், அவை இன்னும் பூக்காதவை, அரைத்தபோது புல் வெட்டிய வாசனைதான். கடைசியில் தாய்ச் செடி. பூத்து முடிகிற சமயம். வெட்டிய பிறகும் குகனைவிட உயரம். தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு வந்தவர், இயந்திரத்தின் வாயில் வைக்கும் முன்னால் என்னைப் பார்த்தார்.

"போடட்டோ அக்கா?"

"போடுங்க தம்பி."

நான் சுவரோரமாக நின்றேன். சீட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தேன், நம்பரைச் சரிபார்க்க வேண்டும். பூக்கள் உள்ளே போகப் போக இயந்திரத்தின் சத்தம் கனத்தது. எனக்கு மட்டும்தான் வந்தது என்று முதலில் நினைத்தேன், வழக்கம்போல. மாங்காய்ப் பால், திருநீற்றுப்பச்சை, ஸ்டோர்க் கதவின் வெக்கை. ஜாடியில் வந்ததெல்லாம் அதன் நிழல்தான், இது அந்தக் கூடம் நிறைய வந்தது. மூச்சை இழுத்து நான் நிற்கும்போது குகன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு முகக்கவசத்தைக் கீழே இறக்கினார்.

"அக்கா," என்றார். "இதுவோ நீங்கள் சொன்ன மணம்?"

செத்துப்போன மூக்கென்று சொன்னவர். தலையை ஆட்டினேன்.

"மாங்காய்," என்றார். "பிஞ்சு மாங்காய் புடுங்கேக்க கையில வடியுமே, அது. வேற என்னவோவும் கிடக்கு. எனக்குச் சொல்லத் தெரியேல்லை."

கூடத்தின் மறுகோடியில், பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் வேலையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்கள். கதவைத் திறந்துகொண்டு க்ரெய்க் வந்தார். வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அங்கிருந்து இயந்திரத்துக்கு நல்ல தூரம். கண்ணை மூடி, தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, நீளமாக மூச்சை இழுத்தார்.

"கடவுளே," என்றார். "என்ன அருமை! இது எந்தச் செடி?"

குகன் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த சீட்டை க்ரெய்க் பக்கமாகக் காட்டினேன். அங்கிருந்து அவருக்குப் படிக்க எட்டாது. கிட்டே வந்து படித்தார். படித்துவிட்டு இயந்திரத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"ஒரு கன்றாவது இருக்கிறதா?" என்று கேட்டார்.

"இல்லை," என்றேன்.

மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது, வாசனையை அது வெளியே இழுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. பெட்டி அடுக்கியவர்கள்கூட அசையவில்லை. வாசனை போகும் வரைக்கும் நாங்கள் ஐந்து பேரும் அங்கேயே நின்று மூச்சை இழுத்துக்கொண்டிருந்தோம். இந்த ஊருக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. எனக்கு வந்த வாசனை அன்றுதான் முதல் தடவையாக மற்றவர்களுக்கும் வந்தது.